கட்டிடக்கலை மாணாக்கரும் இனயத்து வீடும்

மக்கட்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்று என்பர். இவற்றுள் உணவு பிழைபட்டால் ஒரு வேளையோடு தீரும். உடை பிழைபட்டால் ஓராண்டிற் கிழியும். உறையுள் பிழைபட்டாலோ, அப்பிழையினுள்ளேயே இரண்டு தலைமுறையினர் பிறந்து வளர்ந்து மூப்படைவர். ஆதலின், வீடு அமைக்கக் கற்பவர் எங்ஙனம் கற்கின்றனர் என்பது அக்கலையைப் பயிலாத நமக்கும் அறியத்தக்கதொன்றாம். படம் வரையத் தெரிந்தாற் போதும் என்று எண்ணி இக்கல்வியை நாடுவாரும் உளர். கணக்குத் தெரிந்தாற் போதும் என்று எண்ணுவாரும் உளர். இவ்விரண்டும் வேண்டுவனவே, ஆயினும் இவ்விரண்டினும் மேலான ஒரு திறன் படிப்படியாக வளர்தல் வேண்டும் என்பதே யாம் இக்கட்டுரையிற் காட்டப் புகுந்த பொருள்.

நம் நாட்டிற் கட்டிடக்கலைப் பட்டப் படிப்பு ஐந்தாண்டு, பத்துப் பருவம் கொண்டது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டிடக்கலை மன்றத்திற் பதிவு பெற்றவரே ஆர்க்கிடெக்ட் என்னும் பெயரைத் தமக்குரியதாகக் கொள்ளலாம். இப்படிப்பின் நடுநாடி ஸ்டுடியோ எனப்படும் வரைகூடமாகும். பருவந்தோறும் ஆங்கு ஒரு வடிவமைப்புப் பணி தரப்படும். முதலிற் கோடும் உருவமும் பற்றிய சிறு பயிற்சிகள். பின்னர் ஒரு வீடு. அதன்பின் பள்ளி, மருத்துவமனை, பெருங்குடியிருப்பு. இறுதியில் மாணாக்கர் தாமே தேர்ந்தெடுத்த பொருளில் ஓர் ஆய்வுத் திட்டம். இப்படிகளை விளக்குதற்கு நமக்கு அணித்தாயுள்ள ஓரிடத்தையே எடுத்துக்கொள்வோம். அது குமரி மாவட்டத்திற் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே, அரபிக்கடலை நோக்கி அமைந்த மீனவர் ஊராகிய இனயம். இவ்வூரில் ஒரு குடும்பத்துக்கு வீடு வரையும் பணி ஒரு மாணாக்கிக்குத் தரப்பட்டதாகக் கொள்வோம்.

அவள் கற்க வேண்டிய முதற்பாடம் அளத்தல். புதியதொன்றை வரையுமுன், முன்னோர் கட்டிய ஒன்றை அளந்து வரைதல் இக்கல்வியின் பழைய வழக்கம். இனயத்திலிருந்து ஒரு நாளிற் சென்று மீளத்தக்க தொலைவில், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கின்றது. 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்திற் பெரிதும் விரிவடைந்து, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய ஊரின் அரண்மனை அது. 1956-இற் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும், அது கேரள அரசின் தொல்பொருள் துறையின் பொறுப்பிலேயே இருந்து வருகின்றது.

இத்தகைய கட்டிடத்தை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு சுவரிலே மூன்று சாளரங்கள் இருப்பின், ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கூட்டுதல் கூடாது. ஒவ்வோர் அளவிலும் நேரும் சிறுபிழை சேர்ந்து சேர்ந்து பெரும்பிழையாய் முடியும். சுவரின் ஒரு மூலையைத் தொடக்கமாக வைத்து, டேப்பை நகர்த்தாமல் எல்லா அளவுகளையும் அம்மூலையிலிருந்தே குறித்தல் வேண்டும். அறை செங்கோணமாக உள்ளதா என அறிய மூலைவிட்டங்களையும் அளத்தல் வேண்டும். 12 அடிக்கு 16 அடியான அறையில் மூலைவிட்டம் 20 அடியாயின் மூலை நேராயுள்ளது. ஓரங்குலம் மிகினும் குறையினும் மூலை விலகியது என்பது தெளிவு. நம் கொத்தனார்கள் மூலைமட்டமும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டு நாடோறும் செய்வது இதுவே. மாணாக்கி ஈண்டு முதன்முறையாக அவர்கட்கு மாணாக்கியாகின்றாள்.

அளந்துகொண்டே வருங்கால் கண்ணுக்குப் பிறிதொன்றும் புலனாகும். அவ்வரண்மனையின் ஓட்டுக்கூரை சுவரைக் கடந்து நீண்டு தாழ்ந்து இறங்குகின்றது. அதனால் மழை சுவரைத் தொடாது, வெயில் அறையினுட் புகாது. மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய சாளரங்கள் காற்றை உள்ளே விட்டு, கூசும் ஒளியைத் தடுக்கின்றன. உள்முற்றங்கள் வெப்பக்காற்று மேலெழுந்து நீங்க வழி தருகின்றன. அழகென்று முதலிற் கண்டது யாவும் மழைக்கும் வெயிலுக்கும் கூறிய விடையென்று பின்னர் விளங்கும். பார்ப்பவர்க்கு இஃது எளிதில் விளங்குவதன்று, அளப்பவர்க்கு விளங்கும்.

இரண்டாம் பாடம் வெட்டுத்தோற்றம் வரைதல். தளப்படம் என்பது வீட்டை மேலிருந்து நோக்கியது. வெட்டுத்தோற்றமோ வீட்டைக் கத்தியால் நெடுக அறுத்து ஒருபுறமிருந்து நோக்கியது போல்வது. காற்றும் வெயிலும் மழையும் நடமாடும் வழி இப்படத்திலேதான் தெரியும். இதனை வரைபவர் அவ்வூரின் ஞாயிற்றை அறிந்திருத்தல் வேண்டும். வடக்குச் சுவரில் வெயில் படாது என்னும் விதி ஐரோப்பிய நூல்களில் உண்டு. இனயம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. ஆதலால் ஏப்ரல் மாதத்தின் நடுவை ஒட்டி ஞாயிறு உச்சந்தலைக்கு நேரே வந்து, பின் வடபாற் சென்று, ஆகஸ்டு இறுதியில் மீண்டும் நேர்மேலே வரும். ஜூன் 21-ஆம் நாள் நண்பகலில் அது உச்சியினின்று வடக்கே சுமார் 15 பாகை சாய்ந்து நிற்கும். அந்நாட்களில் வடக்குச் சுவரும் வெயிலை ஏற்கும். நூல் விதியை நம்பி அச்சுவரிற் பெருஞ்சாளரம் வைத்து, மேலே நிழலும் அமைக்காது விட்டால் அறை வெம்பும். கடலோ அவ்வூருக்குத் தென்மேற்கே உள்ளது. இனிய கடற்காற்றும், ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவமழையும், பிற்பகல் வெயிலும் அப்பக்கமாகவே வருகின்றன. காற்றை வரவேற்று மற்ற இரண்டையும் வெளியே நிறுத்துதலே அவளுக்கு இடப்பட்ட புதிர்.

மூன்றாம் பாடம் மக்களை அறிதல். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை குமரிக் கரையிற் பல உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்றது. அதன்பின் தமிழ்நாட்டுக் கரையெங்கும் கட்டப்பட்ட மறுவாழ்வு வீடுகளுக்குச் சுமார் 325 சதுர அடி என்று ஓர் அளவு கொள்ளப்பட்டது. அவ்வளவையே மாணாக்கியும் தன் பணிக்கு எல்லையாகக் கொள்வாளாக. 13 அடிக்கு 25 அடியாக ஒரு வீட்டை வரைந்து, வெளிச்சுவர் 9 அங்குலம் என்று வைத்தால், உள்ளே எஞ்சுவது 11½ அடிக்கு 23½ அடியே. அஃதாவது 270 சதுர அடி. சுவர்கள் மட்டும் 55 சதுர அடியை உண்டுவிட்டன! இனிக் கூடமும் படுக்கையறையும் சமையலறையும் குளியலறையும் இதனுள் அடங்க வேண்டும்.

காகிதத்தில் அவை அடங்கும். ஆயினும் வலை எங்கே உலரும்? கரையிலிருந்து தூக்கி வந்த வெளிப்பொறி எஞ்சின் எங்கே இருக்கும்? கருவாடு காயவைக்கும் இடம் யாது? விடியுமுன் கடலுக்குச் சென்று மீண்டவர் பகலில் உறங்குகையில், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் எங்கே அமர்ந்து படிப்பர்? மீன் விற்று வெயிலில் வரும் பெண்கள் கூடையை இறக்கிக் கால் கழுவும் இடம் வாயிலுக்கு முன்னோ பின்னோ? இவ்வினாக்களுக்கு விடை எந்நூலிலும் இல்லை. அவ்வூரின் திண்ணையில் அமர்ந்து, அம்மூதாட்டியரை, ‘பாட்டி, காலையில் எழுந்தது முதல் நீங்கள் எங்கெங்கே நடக்கின்றீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்வதே வழி. அவ்வாறு கேட்ட பின்னர் அவள் வரையும் இரண்டாம் படத்தில் அறைகள் சற்றுச் சுருங்கும். வாயிற்புறத்துத் திண்ணையும் முற்றமும் வளரும். 325 சதுர அடியென்பது சுவருக்குள் மட்டுமே வாழ்வதாக எண்ணியோர் வைத்த அளவென்றும், கடற்கரைக் குடும்பத்தின் வாழ்விற் பாதி சுவருக்கு வெளியே நிகழ்கின்றதென்றும் அவள் அப்பொழுது உணர்வாள்.

இவ்வினாக்களுக்கு இக்கரையிலேயே முன்பு ஒருவர் விடை கூற முயன்றிருக்கின்றார். அவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிற் பிறந்து அங்கேயே கட்டிடக்கலை பயின்ற அவர், 1945-இல் தொழுநோயாளர்க்குரிய கட்டிடப் பணியின் பொருட்டு இந்தியா வந்தார். பட்டம் பெற்றவராயினும், மண்ணும் கருங்கல்லும் கொண்டு இமயமலைச் சாரலிற் குடியானவர் கட்டிய வீடுகளைக் கண்டு, தாம் மீண்டும் மாணவராதல் வேண்டும் என்று அறிந்தார். பித்தோராகரில் பல்லாண்டு வாழ்ந்து அவர்களிடமே கற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் மறையுங்காறும் குறைந்த செலவில் வீடுகள் கட்டினார். 1970-களின் நடுவில் திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறைக் கடற்கரையில் மீனவர்க்கென அவர் வகுத்த சிறு குடியிருப்பு நம் மாணாக்கி கூர்ந்து நோக்கத்தக்கது. வீடுகளை நேர்வரிசையாக நிறுத்தாமல், ஒன்றினின்று ஒன்று சற்று விலகி நிற்குமாறு அமைத்தார். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்றும் கடற்காட்சியும் கிடைத்தன. விலகிய இடங்கள் வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் சிறு முற்றங்களாயின. துளையிட்ட செங்கற் சுவர்கள் புயற்காற்றை எதிர்த்து நில்லாமல் ஊடே செல்லவிட்டன. இதற்கென ஒரு செங்கல்லும் மிகுதியாகச் செலவாகவில்லை. வீடு நிற்கும் இடம் சில அடி நகர்ந்தது, அவ்வளவே.

நான்காம் பாடம் பொருள்களின் இயல்பு. கடற்காற்றில் உப்பு உண்டு. அவ்வுப்பு கான்கிரீட்டின் நுண்துளை வழியே உட்சென்று கம்பியைத் துருவாக்கும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஆதலின், 2000-ஆம் ஆண்டு இந்தியத் தர விதி, கடற்கரைச் சூழலுக்கு ஆட்பட்ட கான்கிரீட்டிற் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடுகனம் வேண்டும் என்று வகுத்தது. உள்நாட்டு வீட்டுக்குள் வேண்டுவது இதிற் பாதிக்கும் குறைவு. உப்பு நீங்காத கடல் மணலைக் கலவையிற் சேர்த்தால் துரு உள்ளிருந்தே தொடங்கும். படத்தில் இவ்வோரங்குல வேறுபாடு கண்ணுக்கும் தெரியாது. ஆயினும் பதினைந்தாண்டு கழித்துக் கூரைக் காரை பெயர்ந்து உறங்கும் குழந்தையின் மேல் விழுமா விழாதா என்பது அவ்விடத்திலேயே முடிவாகின்றது.

இறுதிப் பாடம் ஊரை நோக்குதல். வீடு தனியே நிற்பதன்று. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்தது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் அதன் ஆட்சிக்குட்பட்டது. 2011-இலும் 2019-இலும் அது மாற்றி எழுதப்பட்டது. 2016-இல் இனயத்தில் ஒரு பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. கரையோர மக்கள் தம் வீடும் தொழிலும் அழியுமென்று எதிர்த்தனர். பின்னர் அத்திட்டத்தின் இடம் கோவளம், மணக்குடிப் பக்கம் மாற்றப்பட்டது. துறைமுகம் நன்றோ தீதோ என்று ஆராய்தல் ஈண்டு எம் கருத்தன்று. வரைபடத்தில் ஒருவர் இழுக்கும் கோடு, தாம் ஒருபோதும் காணாத ஒரு பெண்ணின் அடுப்படியினூடே செல்லக்கூடும் என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும் என்பதே கருத்து. முதற்பருவத்தில் நேராக இழுக்கக் கற்ற அதே கோடுதான் இது. பத்தாம் பருவத்தில் அதன் பாரம் தெரிகின்றது.

இங்ஙனம் நோக்கின், கட்டிடக்கலை மாணாக்கரிடம் வளரும் திறன் யாதென விளங்கும். கை நேர்மையாக வரையக் கற்கின்றது. கண் அளக்கக் கற்கின்றது. செவி பிறர் வாழ்வைக் கேட்கக் கற்கின்றது. இம்மூன்றனுள் மூன்றாவதே அரிது. இந்நாளிற் கணிப்பொறி கோடுகளை நொடியில் வரைந்து தருகின்றது. வண்ணப் படமும் ஆக்கித் தருகின்றது. வலை எங்கே உலரும் என்று அது தானாகக் கேளாது. பணி முடிந்தபின் ஆசிரியரும் வெளியாரும் கூடி ஜூரியாக அமர்ந்து படத்தை ஆராயுங்கால், நல்ல மாணாக்கர் தம் படத்துக்கு வழக்காடார். எவ்வினாவைத் தாம் கேளாது விட்டோம் என்றே தேடுவர். அவ்வாறு ஒரு படத்தை நான்கு முறை மாற்றி வரைபவர், ஒரு குடும்பத்தை நாற்பதாண்டுத் துன்பத்தினின்று காத்தவராவர்.

இக்கலையைப் பயிலக் கருதும் மாணவ நண்பர்களே! நுழைவுத் தேர்வுக்கு முன்னரே தொடங்கத்தக்க ஒரு பயிற்சி உண்டு. ஒரு டேப்பும் ஒரு குறிப்பேடும் எடுத்து நும் வீட்டை அளந்து வரைமின். பின்னர், அவ்வீட்டில் யார் எங்கே அமர்கின்றனர், யாருக்கு அமர இடமில்லை என்று ஒரு நாள் முழுதும் குறித்துக்கொள்மின். பெரும்பாலான வீடுகளில் அஃது அன்னையாராக இருத்தலைக் காண்பீர். அவர்க்கு ஓரிடம் அமைத்துத் தருவது எப்படி என்று சிந்திப்பதே நும் முதல் வடிவமைப்புப் பணியாகட்டும்.