ஆண்டு முழுக்க உழைக்கும் துணிகள்: 7 குறிப்புகள்

மாகறல், காஞ்சிபுரம் பக்கம் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறீர்களா? பீரோ நிறைந்தும் உடுத்த ஒன்றுமில்லை என்ற அலுப்பு தீர, மற்ற உடுப்புகளையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

1. சித்திரை வெயிலுக்குக் கைத்தறிப் பருத்தி எடுங்கள். வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மென்மையாகும்.

2. ஐப்பசி மழைக்குப் பருத்தி, பாலியஸ்டர் கலந்த மெல்லிய துணி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் உலரும்.

3. மார்கழிக்குத் தடித்த கதர் வாங்குங்கள். காலைப் பனிக்கு இதமாக இருக்கும்.

4. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெசவு நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால்தான் நாள்பட உழைக்கும்.

5. பட்டில் ‘சில்க் மார்க்’ முத்திரையைத் தேடுங்கள். அசல் பட்டு என்பதற்கு அதுவே சான்று. முத்திரை இல்லையென்றால் ஓர் இழையைக் கொளுத்துங்கள்: பட்டு, முடி கருகும் வாடையோடு பொடியாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகும்.

6. கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். இணைப்பு உறுதியாக இருந்தால் கரை பிரியாது.

7. பட்டைப் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கினால் ஜரிகை கறுக்கும். ஒரே மடிப்பில் கிடந்தால் இழை விட்டுப்போகும்.