கருவளையம் தெரிந்த முகம்

கேள்வி: பிரெஞ்சு நடிகை ழான் மோரோ உண்மையிலேயே அவ்வளவு பெரிய நடிகையா?

பதில்: சந்தேகமே வேண்டாம். 1928-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா உணவகம் நடத்தினார். அம்மா இங்கிலாந்திலிருந்து வந்த நடனக் கலைஞர். மோரோ நாடக மேடையில் தேர்ந்தவர். ஆனாலும் சினிமாவில் உரிய இடம் கிடைக்கப் பத்து வருடம் ஆனது.

1958-ல் வெளியான, இயக்குநர் லூயி மாலின் 'தூக்குமேடைக்கு ஒரு லிஃப்ட்' படத்தில், வராத காதலனைத் தேடி இரவெல்லாம் பாரிஸ் தெருக்களில் அலைவார். கடை விளக்குகளே வெளிச்சம். மேக்கப் பூச்சு கிடையாது; கண்ணுக்குக் கீழே கருவளையம்கூடத் தெரியும். பின்னணியில் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட். அழகு என்றால் இதுவல்லவா!

1960-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. 1962-ல் இயக்குநர் த்ரூஃபோவின் 'ஜூல் எ ஜிம்' படத்தில் நடித்தார். 1976-ல் 'லூமியேர்' படத்தை அவரே இயக்கினார்.

2017-ல், 89 வயதில் காலமானார். பார்க்கத் தொடங்குவதென்றால், லூயி மால் படத்திலிருந்து தொடங்கலாம்.