நளனும் சனீசுவரனும் நாடக மேடையில்

ராஜகுமாரர் கதைகளையும் தேவகதைகளையும் பாட்டும் வசனமுமாக மேடையேற்ற விரும்பும் இளைஞர்கள், காரைக்காலில் நளதமயந்தி சங்கீத நாடகத்தை நான் நடத்திவைத்த விவரங்களை அவ்வப்போது வந்து விசாரிப்பதுண்டு. அவர்கள் கேட்பவையெல்லாம் பெரும்பாலும் அன்னப்பறவையை எப்படிப் பறக்கவிட்டீர்கள், படுதாவை எங்கே எழுதுவித்தீர்கள், அரிதாரத்துக்கு எவ்வளவு செலவாயிற்று என்பன போன்றவைதாம். அவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஆனால் மேடைக்கு எதிரே வந்து உட்காரப்போகிற ஜனங்கள் அந்தக் கதையை எந்த உருவத்தில் தங்கள் உள்ளத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதை அறிந்துகொள்வதற்கு முன்னால், ஒரு பாட்டைக்கூடத் தேர்ந்தெடுக்கலாகாது என்பதே நான் முதலில் சொல்ல விரும்பும் விஷயம்.

காரைக்காலிலிருந்து மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் திருநள்ளாறு இருக்கிறது. தர்ப்பாரண்யேசுவரர் எழுந்தருளியுள்ள அந்தத் தலத்தில் நளன் நீராடித் தன் பீடை நீங்கப்பெற்றான் என்று தலபுராணம் சொல்லுகிறது. நளதீர்த்தத்தில் இன்றைக்கும் சனிக்கிழமைதோறும் ஜனங்கள் முழுகி எழுகிறார்கள். ஆகையால் மற்ற ஊர்களில் நளன் ஒரு காவிய நாயகன். எங்கள் பக்கத்தில் அவன் ஏறக்குறைய அண்டை வீட்டுக்காரன். நாடகப் பிரதியை முதன்முதலாக நண்பர்கள் கூடிப் படித்தபோது தமிழ் கற்ற பெரியவர் ஒருவர், மகாபாரத வனபர்வத்திலும் புகழேந்தியின் நளவெண்பாவிலும் நளனைப் பற்றிக்கொண்டவன் கலியே அன்றிச் சனி அல்லன் என்று கூறி, அப்பாத்திரத்துக்குக் கலி என்றே பெயரிட வேண்டுமென வற்புறுத்தினார். அவர் சொன்னது நூல்வழி முற்றிலும் சரி. நளவெண்பாவின் பிற்பகுதி இரண்டுமே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்றல்லவா வழங்குகின்றன! ஆயினும் திருநள்ளாற்றுக்கு அருகில் கலி என்ற பெயரோடு ஒருவன் மேடையில் தோன்றினால், ‘இவன் யார்?’ என்ற கேள்வியிலேயே சபையின் பாதி கவனம் போய்விடும் என்று சொல்லிச் சனீசுவரனையே வைத்துக்கொண்டேன்.

அப்படி வைத்துக்கொண்டவுடனே நாடகத்தின் போக்கே மாறிப்போயிற்று. கலியாக இருந்தால் அவனைத் துஷ்டனாக்கிப் பல்லைக் கடித்துச் சிரிக்கவைத்திருக்கலாம். சனீசுவரனையோ இவ்வூர்ப் பெண்கள் வாரந்தோறும் எள்விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள்; அவர் கொடுப்பாரும் கெடுப்பாரும் ஆனவர்; திருநள்ளாற்றில் அனுக்கிரகம் புரிகிறவர். ஆதலால் வெறுப்பதற்கு ஒருவரும் இல்லாத நாடகமாக அதை நடத்த வேண்டியதாயிற்று. 1922-இல் புதுச்சேரியில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் இளமையில் சனீசுவர வேடம் பூண்டு நடித்த இரவொன்றின் விடியற்காலையில், அந்த வேடத்தோடு அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அஞ்சி வீழ்ந்தாளென்றும், அவர் நடிப்பைத் துறந்து ஆசிரியராகவே நின்றதற்கு அதுவும் ஒரு காரணமென்றும் நாடகக்காரர்களிடையே ஒரு செய்தி வழங்கி வருகிறது. எங்கள் நடிகரிடம் நான் கேட்டுக்கொண்டது அதற்கு நேர்மாறானது. பயங்கரம் வேண்டாம்; கோரைப்பல் வேண்டாம்; கறுப்பு வஸ்திரமும் மெதுவான நடையும் போதும்; பாடுவது ஒரே விருத்தம், அதுவும் கீழ்ஸ்தாயியில் என்றேன். பபூன் வேடக்காரர் சனியைப் பற்றி இரண்டு வேடிக்கைகள் தயாராக வைத்திருந்தார். அவற்றை ஒத்திகையிலேயே நீக்கிவிட்டோம். நாடகத்தன்று சனீசுவரன் மேடையேறியபோது முன்வரிசைப் பெண்கள் கைகூப்பினார்கள். சிரிப்புக்கோ சீழ்க்கைக்கோ இடமில்லாமல் போயிற்று.

பாட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கரைப்பகுதி சங்கீத நாடகத்துக்குப் புதியதன்று. இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றிய அருணாசலக் கவிராயர் (1711–1779) பிறந்த தில்லையாடி எங்களுக்கு வடக்கே வெகு தூரமில்லை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் அச்சேறுவதற்குத் துணைநின்றவர் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரே. எனவே கேட்கிறவர்களின் காது பழகிய காது; பிசகை மன்னிக்கும், ஆனால் அதிகப்படியை மன்னிக்காது. பழைய நாடகங்கள் இரவு 10 மணிக்குத் தொடங்கிப் பொழுது விடியும்வரை நடந்ததும், ஒரே பாட்டை ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு மும்முறை பாடவைத்ததும் நம் பாட்டனார்கள் அனுபவித்த சுகம். நாங்கள் வகுத்துக்கொண்டது மூன்று மணி நேரம். அதற்குள் அடக்குவதற்காகச் சூதாட்டத்தை ஒரே பாட்டில் முடித்தேன்; புட்கரனுக்குத் தனிப்பாட்டே இல்லை. நளன் தோற்பான் என்பது குழந்தைக்கும் தெரியும். தெரிந்த தோல்வியை உருட்டி உருட்டிக் காட்டுவதில் என்ன ருசி இருக்கிறது? அன்னம் தமயந்தியிடம் தூது சொல்லும் இடத்தையும், கானகத்தில் பிரியும் இடத்தையும் மட்டும் ஆற அமர நடத்தினோம்.

சுருதி விஷயத்தில் இளைஞர்கள் பெரிதும் திண்டாடுகிறார்கள். ஸ்திரீபார்ட்டை ஆண்களும், ராஜபார்ட்டை உச்சஸ்தாயிச் சாரீரமுள்ள பாடகர்களும் ஏற்ற காலத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சுருதியில் பாடினார்கள். இன்று பெண்ணே தமயந்தியாக வருகிறாள். அவளுக்கு ஐந்து கட்டை சௌகரியமானால் நளனுக்கு ஒரு கட்டையோ ஒன்றரையோதான் இயலும். இருவரையும் ஒரே சுருதியில் பூட்டினால் ஒருவர் கத்துவார், மற்றவர் முனகுவார். நாங்கள் கண்ட வழி இது: காதலர் இருவரும் சேர்ந்து பாடும் கட்டமே வைக்கவில்லை. அவன் ஒரு கட்டையில் விருத்தம் பாடி முடிக்கும்போது பஞ்சமத்தில் நிற்பான். அந்தப் பஞ்சமமே ஐந்து கட்டைச் சுருதிக்கு ஆதார ஷட்ஜமம். ஆர்மோனியக்காரர் அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள, அதிலிருந்தே அவள் தன் பாட்டை எடுப்பாள். எங்கள் தமயந்தி மாதா கோயில் பாடற்குழுவில் பழகியவள். அவளுக்கு இது ஒரே ஒத்திகையில் பிடிபட்டுவிட்டது.

சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளர்கள் நிற்கிறார்கள். இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளனுருவம் எடுத்தவர்கள். தேவர்கள் இமையார், அவர்கள் கால் நிலத்தில் தோயாது, மாலை வாடாது என்ற அடையாளங்களால் தமயந்தி உண்மை நளனைத் தெரிந்துகொள்ளுகிறாள். இமைப்பது பத்தாவது வரிசைக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே நால்வரையும் கறுப்புத் துணி போர்த்த தாழ்வான பலகைமேல் ஏற்றி, காகிதப்பூ மாலை அணிவித்தோம். நளனுக்கு மட்டும் காலையில் கட்டிய சாமந்தி மாலையை வெயிலில் போட்டு எடுத்துவைத்திருந்து சூட்டினோம். தமயந்தி ஒவ்வொரு மாலையாகத் தொட்டுக்கொண்டே வந்து, வாடிய மாலையில் கை நின்றபோது சபையிலிருந்து எழுந்த சப்தத்தை நான் பக்கத் திரைக்குப் பின்னிருந்து கேட்டேன். இதற்கு ஆன செலவு ஒரு மாலை.

பாழ்மண்டபத்தில் நளன் துகிலை அறுத்துக்கொண்டு பிரியும் காட்சியில் வாத்தியங்கள் யாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். ஆர்மோனியக்காரர் என்னைவிட மூத்தவர். அவருக்கு மனம் ஒப்பவில்லை.

“என்ன வாத்தியாரே, பெட்டியை நிறுத்திட்டா மேடை செத்துப்போயிடுமே?”

“நளனுக்கே அங்க உயிர் போய்க்கிட்டிருக்கு, அண்ணே. மேடையும் ஒரு நிமிஷம் செத்துக் கிடக்கட்டும்.”

துணி கிழியும் ஓசை ஒன்றே அங்கே வேண்டியிருந்தது. பட்டு கிழியாது, புதுத்துணியும் முரண்டு பண்ணும். கஞ்சி போட்டு உலர்த்திய பழைய காடாத் துணியின் ஓரத்தில் ஒரு விரற்கடை முன்பே வெட்டி வைத்துக்கொண்டால், கடைசி வரிசைவரை கேட்கும்படி கிழியும். அது ஓய்ந்த பிறகு, தமயந்தி தூக்கத்தில் புரண்டு படுப்பதற்கு மட்டும் அவகாசம் கொடுத்து, அதன் பின்னரே நளனைப் பாடவிட வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி மேடை போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை யாருக்கும் தவணை கொடாது. தை, மாசி நல்லது. பனிக்கு மேற்கூரை மட்டும் போதும். ஈரக்காற்றில் மிருதங்கத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். இடையிடையே சேர்த்துக்கொள்ள மிருதங்கக்காரருக்கு நேரம் விடுங்கள். படுதாவின் அடியில் மூங்கில் கட்டாவிட்டால் அரண்மனை காற்றில் பறக்கும். அன்னத்தைக் கயிற்றில் தொங்கவிடாதீர்கள். வெள்ளைத் துணி போர்த்த சிறுமி ஒருத்தி கைகளை அசைத்து நடந்து வந்தாலே ஜனங்கள் அன்னமென்று ஒப்புக்கொள்வார்கள்.

முடிவைப் பற்றியும் அந்தப் பெரியவருக்கும் எனக்கும் மறுபடி வாதம் நடந்தது. பாரதத்தில், இருதுபன்னனிடம் எண்ணும் வித்தையைக் கற்ற நளன் தான்றி மரத்தடியில் நிற்கும்போதே கலி அவனை விட்டு நீங்கிவிடுகிறது. நான் அந்தக் காட்சியையும் வைத்தேன்; ஆயினும் சனீசுவரன் அங்கே தள்ளி நிற்பாரேயன்றி மறையமாட்டார். கடைசியில் நளன் நளதீர்த்தத்தில் மூழ்கி எழும்போதுதான் அவர் கையை உயர்த்தி ஆசி கூறிச் செல்வார். காவியத்துக்கு இது பொருந்தாது. காரைக்காலுக்கு இதுவே பொருந்தும் என்பது என் தீர்ப்பு. பெரியவரும் கடைசிவரை இருந்து பார்த்தார். அபிப்பிராயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நாங்கள் பாடிய பாட்டுகளிற் சில, ஒரு பழைய நடிகரின் குடும்பத்தார் பரணில் வைத்திருந்த கையெழுத்து நோட்டுப் புத்தகத்திலிருந்து கிடைத்தவை. சங்கீத நாடகப் பாட்டுகள் பல அச்சேறாமல் இப்படிப்பட்ட நோட்டுகளிலேயே தங்கிவிட்டன. திருமலைராயன்பட்டினத்திலும் நெடுங்காட்டிலும் கோட்டுச்சேரியிலும் நாடகம் ஆடியவர்களின் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் அத்தகைய நோட்டு ஏதேனும் இருக்குமானால், பழைய காகிதக்காரருக்குப் போடுவதற்கு முன்னால், பாடத் தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.