கொத்தனாருக்கு யார் பாடம் எடுத்தாங்க?

சிவில் படிக்கிற எல்லாரும் டிசைன் பேப்பருக்கு மனப்பாடம் பண்ணின ஒரு டேபிள் உண்டு. ஐ.எஸ். 456:2000, டேபிள் 16. கம்பிக்கு மேல எவ்வளவு கனத்துக்கு கான்கிரீட் மூடியிருக்கணும்னு சொல்ற டேபிள். இதைத்தான் கவர்னு சொல்றோம். மைல்டுக்கு 20 மி.மீ., மாடரேட்டுக்கு 30, சிவியருக்கு 45, வெரி சிவியருக்கு 50, எக்ஸ்ட்ரீமுக்கு 75. ரெண்டு மார்க் கேள்வி. எனக்கு அந்த ரெண்டு மார்க்கும் கிடைச்சுது.

போன லீவுல அடையாறுல ஒரு அபார்ட்மென்ட் சைட்ல இன்டர்ன்ஷிப் போனேன். பழைய மூணு மாடி ஃபிளாட்டை இடிச்சிட்டு, கீழ கார் பார்க்கிங் விட்டு அஞ்சு மாடி ஏத்துற வேலை. இப்போ அந்தப் பக்கம் தெருவுக்கு ஒண்ணு இப்படி நடக்குது. அன்னைக்கு ஒரு பால்கனி ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடிச்சிருந்தாங்க. டேப் வெச்சு ஸ்பேசிங் செக் பண்றது என் வேலை. சரியா இருந்தது, டிக் போட்டேன். கம்பி கட்டுற அண்ணன் ஒருத்தர், வயசு ஐம்பதைத் தாண்டியிருக்கும், பக்கத்துல வந்து கேட்டார்: "தம்பி, இது கடல் காத்து அடிக்கிற இடம். இருபது கவர் வெச்சிருக்கோம். பத்துமா?"

எனக்கு உடனே பதில் வரல. அவரே தொடர்ந்தார்: "பெசன்ட் நகர்ல பழைய வீடுங்களை அண்ணாந்து பாருங்க. பால்கனிக்கு அடியில கம்பி எலும்பு மாதிரி வெளிய தெரியும்."

அதே புத்தகத்துல டேபிள் 3 இருக்கு. கடலோரக் காத்து நேரா படுற கான்கிரீட் 'சிவியர்' வகைன்னு அதுல போட்டிருக்கு. அப்படின்னா 45 மி.மீ. கவர், கான்கிரீட்டும் குறைஞ்சது எம் 30. நம்பர் எனக்குத் தெரியும், ஆனா நிக்கிற இடம் கடலோரம்னு எனக்குத் தோணல. அவருக்குக் கடலும் துருவும் தெரியும், நம்பர் தெரியாது. சூப்பர்வைசர்கிட்ட போய்ச் சொன்னேன். "டிராயிங்ல இருக்கிறபடி போடு, நீ வந்து எத்தனை நாள் ஆச்சு?"ன்னார். நான் பேசாம வந்துட்டேன். அடுத்த நாள் காலையில கான்கிரீட் போட்டாச்சு.

அப்போதிலிருந்து ஒரு கேள்வி மண்டைக்குள்ள இருக்கு. இந்த அண்ணன் இவ்வளவும் எங்க படிச்சார்? அந்த 45-ஐ அவர் எங்கயாவது படிச்சிருக்க வழி இருந்ததா?

முதல் கேள்விக்கு அவரே பதில் சொன்னார். விழுப்புரம் பக்கத்துல இருந்து பதினாறு வயசுல பெரியாளா வந்திருக்கார். பெரியாள்னா கொத்தனாருக்குக் கலவை, செங்கல் எல்லாம் எடுத்துக் கொடுக்கிற ஆள். அதே வேலையைப் பெண்கள் செஞ்சா சித்தாள். சாப்பாட்டு நேரத்துல மேஸ்திரி கீழ வெச்சிட்டுப் போற கரண்டியை எடுத்து ரெண்டு செங்கல் வெச்சுப் பார்ப்பாராம். சரியா வரலேன்னா மேஸ்திரி வந்து காலால தட்டி விட்டுடுவார். ஏன் சரியில்லைன்னு சொல்ல மாட்டார். அடுத்த நாள் திரும்ப வைக்கணும். சில வருஷத்துல தூக்குக்குண்டு பிடிக்க வந்துச்சு, அப்புறம் கம்பி வேலைக்கு மாறிட்டார். பீஸ் கிடையாது, கூலியும் வந்துக்கிட்டே இருந்தது. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, கட்டுரையோட மீதிப் பாதி இதை வெச்சுத்தான்.

அவர் கத்துக்கிட்டதைச் சாதாரணமா நினைக்க வேண்டாம். 12 மி.மீ. கம்பி முழு நீளம் ஒண்ணு எவ்வளவு எடைன்னு கேட்டேன். யோசிக்காம "பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி"ன்னார். நான் போன்ல கணக்குப் போட்டேன். விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 144-ஐ 162-ஆல வகுத்தா 0.89, 12 மீட்டருக்கு 10.67 கிலோ. (இந்த 162 எங்க இருந்து வருதுன்னு தெரியாதவங்களுக்கு: வட்டத்தோட பரப்பளவை இரும்போட அடர்த்தி 7850-ஆல பெருக்கி, மி.மீ.-ஐ மீட்டருக்கு மாத்தினா அதுதான் கிடைக்கும். ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க.) கொத்தனார்கள் மூணு அடி, நாலு அடி, அஞ்சு அடின்னு நூல் பிடிச்சு மூலை மட்டம் பார்க்கிறதும் இப்படித்தான். பிதாகரஸ் பேரை யாரும் அவங்களுக்குச் சொன்னதில்லை.

இந்த முறையில விடுபடுறது 'ஏன்'ங்கிற பகுதி. கவரையே எடுத்துக்கோங்க. கான்கிரீட் காரத்தன்மை அதிகமான பொருள். கம்பி அதுக்குள்ள இருக்கிற வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருந்து துருவைத் தடுக்கும். கடல் காத்துல வர்ற உப்பு, அதாவது குளோரைடு, நுண்துளை வழியா மெதுவா உள்ள இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். துரு பிடிச்ச இரும்பு பழைய இரும்பை விடப் பல மடங்கு இடம் கேக்கும், அதனால சுத்தியிருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உடைச்சிடும். பெசன்ட் நகர் பால்கனியில தெரியுற எலும்பு இதுதான். இது தெரிஞ்ச ஒருத்தர் கவர் பிளாக் தீர்ந்துபோச்சுன்னு ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில சொருக மாட்டார். தெரியாதவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், கம்பி தூக்கி நின்னா போதும்.

சரி, சொல்லிக் கொடுக்க இடம் இல்லையா? இருக்கு. நம்ம ஊர்ல இந்த வரலாறு ரொம்பப் பழசு. இப்போ கட்-ஆஃப் மார்க்குக்கு நாம பயந்து நடுங்கின கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், 1794-ல மைக்கேல் டாப்பிங் யோசனையில எட்டுப் பசங்களோட ஆரம்பிச்ச சர்வே பள்ளிக்கூடம். நிலம் அளக்கக் கையால பழக்கின இடம் அது. கிண்டிக்கு அது வந்தது 1920-ல. தொழில் பழகுற இடமா இருந்தது கொஞ்சம் கொஞ்சமா டிகிரி கொடுக்கிற இடமா ஆச்சு. கரண்டி பிடிக்கிறவங்க வெளியவே நின்னுட்டாங்க.

அவங்களுக்காக ஒரு கதவு 1996-ல திறந்தது. சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம், சாந்தோம் பேராலயம் யாரோட தலைமைக் கோயிலோ அவங்க, மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜை ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல இந்த வகையில முதலில் வந்தவற்றுல ஒண்ணு. அமெரிக்காவுல 1901-லயே ஜோலியட்ல ஆரம்பிச்ச கல்லூரி வகையில இருந்து வளர்ந்து வந்த யோசனை இது: படிப்பை விட்டவங்களும் வயசு கடந்தவங்களும் தங்கள் ஊர்லயே ஒரு தொழில் கத்துக்கலாம். இங்க இதுக்கு முன்னால நின்னவர் சேசு சபை பாதிரியார் சேவியர் அல்போன்ஸ். தொழில் பாடத்தோட பேச்சு, பழக்கவழக்கம், நேரடி வேலைப் பயிற்சி எல்லாத்தையும் சேர்த்ததுதான் அந்தப் பாடத்திட்டத்தோட தனித்தன்மை. பிறகு சைதாப்பேட்டையில இருக்கிற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. பிளம்பிங், வீட்டு வயரிங் மாதிரி டிப்ளமோக்கள் அந்த வழியில வந்தவை.

ஐ.டி.ஐ. பத்தித் தெரிஞ்சிருக்கும். பிளம்பர் ஒரு வருஷம், எலக்ட்ரீஷியன், சிவில் டிராஃப்ட்ஸ்மேன் ரெண்டு வருஷம். ஐ.டி.ஐ. முடிச்சவங்க பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம், அங்க இருந்து பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கு வரலாம். நம்ம கிளாஸ்ல லேட்டரல் என்ட்ரின்னு சொல்லி ஓரமா வைக்கிறோமே, அவங்கள்ல சிலர் இந்த ஏணியில ஒவ்வொரு படியா ஏறி வந்தவங்க. லேப்ல அவங்க கை போற வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

கம்பெனி பக்கம் பார்த்தா, எல் அண்ட் டி 1995-ல சென்னையில கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் ஆரம்பிச்சது. இப்போ காஞ்சிபுரத்துல இருக்கு. கம்பி வளைப்பு, சென்ட்ரிங் தச்சு, கொத்து வேலைன்னு சொல்லித் தருவாங்க. மெட்ரோ மாதிரி பெரிய வேலைகளுக்கு இப்படிப் பழகின ஆட்கள் வேணும். மயிலாப்பூர்லயும் பனகல் பார்க்லயும் பூமிக்கு அடியில நடக்கிறது மேஸ்திரி காலால தட்டிச் சொல்லிக் கொடுக்கிற வேலை இல்லை.

ஆனா எங்க சைட் அண்ணனுக்கு இதுல எதுவும் ஒத்து வராது. படிப்பு கஷ்டம்கிறதால இல்லை, கூலி போயிடும்கிறதால. எங்க சைட்ல கொத்தனாருக்கும் கம்பி கட்டுறவருக்கும் நாளுக்கு 1,200, சித்தாளுக்கு 700. மாசம் 26 நாள்னு வெச்சா மூணு மாசத்துக்கு 78 நாள். ஒரு கொத்தனார் மூணு மாசப் படிப்புக்குப் போனா சைட்ல விடுற கூலி 93,600. இலவசப் படிப்புன்னு போர்டு வெச்சாலும் இதுதான் அதோட உண்மையான பீஸ். மேஸ்திரிகிட்ட கத்துக்கிட்டா இந்தப் பீஸ் இல்லை. அதனாலதான் பழைய முறை இன்னும் நிக்குது.

இந்தக் கணக்கைக் கவனிச்ச ஒரு திட்டம் தமிழ்நாட்டுல இருக்கு. 1982-ல வந்த உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ 1994-ல கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைஞ்சது. நாடு முழுக்க இதுக்கான சட்டம் வந்தது 1996-ல. நீங்க எந்த பில்டிங் எஸ்டிமேட் போட்டாலும் கடைசியில ஒரு சதவீதம் செஸ்னு ஒரு வரி வரும், அந்தப் பணம் இந்த வாரியத்துக்குத்தான் போகுது. வாரியத்துல பதிவு பண்ணினவங்களுக்கு தையூர்ல இருக்கிற தமிழ்நாடு கட்டுமானக் கழகத்துல பயிற்சி நடக்குது. மூணு மாசப் பயிற்சியில முதல் மாசம் தையூர்ல, மீதி காஞ்சிபுரம் எல் அண்ட் டி-யில. அது தவிர ஒரு வாரப் பயிற்சியும் உண்டு. அதுக்கு நான் பார்த்த அறிவிப்புல நாளுக்கு 800 ரூபாய் தர்றதா இருந்தது, போற நாளோட கூலிக்கு ஈடா.

இதைப் பார்த்ததும் திரும்பக் கணக்குப் போட்டேன். ஏழு நாளுக்கு 5,600. கொத்தனார் ஆறு நாள் வேலை செஞ்சா 7,200, அவருக்கு 1,600 நஷ்டம். சித்தாளுக்கு ஆறு நாள் கூலி 4,200. அவங்களுக்கு 1,400 லாபம்!

இங்கதான் எனக்கு விஷயம் வேற மாதிரி தெரிஞ்சுது. சித்தாளா சேர்ற பெண்கள் இருபது வருஷம் கழிச்சும் சித்தாளாவே இருப்பாங்க. அந்த அண்ணன் சாப்பாட்டு நேரத்துல கரண்டி எடுத்துப் பழகின கதையைச் சொன்னேன் இல்லையா? அதே கரண்டியை ஒரு சித்தாள் எடுத்தா சைட்டே சிரிக்கும். மேஸ்திரி முறையில பீஸ் இல்லைன்னு சொன்னேன், ஆனா பாதிப் பேருக்கு அட்மிஷனே இல்லை. திறமை இல்லாம இல்லை. மயிலாப்பூர் பழைய வீடுகள்ல மொட்டை மாடிக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போடுவாங்க. நம்ம பொதுப்பணித் துறை கணக்குல 32-க்கு 12½. கடுக்காய், வெல்லத் தண்ணி தெளிச்சு, பெண்கள் வரிசையா உட்கார்ந்து மரக்கட்டையால நாள்கணக்கா அடிப்பாங்க. எப்போ நிறுத்தணும்னு அடிக்கிற சத்தத்தை வெச்சே சொல்லிடுவாங்களாம். அதுக்குக் கொடுத்தது சித்தாள் கூலி. இப்போ அந்த வேலை தெரிஞ்சவங்களைத் தேடித்தான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறாங்க. அகமதாபாத்துல சேவா அமைப்பு 2003-ல கர்மிகான்னு ஒரு பள்ளி ஆரம்பிச்சுப் பெண்களுக்குக் கொத்து வேலை கத்துக் கொடுத்தது, அதனால நடக்காத காரியம்னு சொல்லவும் முடியாது.

நமக்கும் இதுல ஒரு பகுதி இருக்கு. கூலியோட பழகுற முறைக்குச் சட்டப்படி பேரு அப்ரென்டிஸ்ஷிப். 1961 சட்டம் ஐ.டி.ஐ. பசங்களுக்கு மட்டும் இல்லை, 1973 திருத்தத்துக்கு அப்புறம் பி.இ. முடிச்சவங்களுக்கும் உண்டு. தென் மாநிலங்களுக்கான போர்டு தரமணி சி.ஐ.டி. வளாகத்துலதான் இருக்கு. பிளேஸ்மென்ட்ல ஐ.டி. கம்பெனி வரலைன்னு அழுதுகிட்டு இருக்கிற சிவில் நண்பர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்க. (நானும் அழுதவன்தான்.)

இன்டர்ன்ஷிப் கடைசி நாள் டீ குடிக்கிறப்போ அந்த அண்ணன்கிட்ட தையூர் பத்திச் சொன்னேன். "ஒரு வாரம் நான் போயிட்டா என் ஆளுங்க நாலு பேருக்கு வேலை யார் பார்த்துக் கொடுப்பா தம்பி?"ன்னு சிரிச்சார். அந்த 45-ஐ மட்டும் சிமென்ட் பை காகிதத்துல எழுதி வாங்கிக்கிட்டார். பக்கத்துல மணல் சலிச்சுக்கிட்டு இருந்த அக்கா எதுவும் கேக்கல. நான் கேட்டுக்குப் போறப்போ பின்னாடியே வந்து, "வாரிய அட்டை என்கிட்டயும் இருக்கு தம்பி, நாங்க போனாலும் கரண்டி கொடுப்பாங்களா?"ன்னாங்க. கொடுக்கணும்க்கா, கேளுங்கன்னேன். எப்படிப் போறதுன்னு கேட்டாங்க. கேளம்பாக்கம் தாண்டி திருப்போரூர் போற பஸ்ல ஏறினா தையூர்ல இறங்கிக்கலாம்னு சொன்னேன்.