பேய்வீட்டில் ஓர் இரவு

(பயணக் கட்டுரை)

நுழையுமுன்

இருளைக் கண்டு சிறிதேனும் அஞ்சாதவர் உண்டோ? ஆயினும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, நெடுநேரம் வரிசையில் நின்று, அஞ்சுவதற்கென்றே செல்லும் மக்களும் உலகில் உள்ளனர். அமெரிக்கக் கேளிக்கைப் பூங்காக்களில் ஹாலோவீன் காலத்தில் அமைக்கப்படும் பேய்வீடுகளுக்கு முதன்முறையாகச் சென்றுவந்த தில்லி மாணவன் ஒருவனின் பயணக் கட்டுரையைப் படிப்போம்.

பாடம்

சென்ற அக்டோபர் விடுமுறையில் அப்பா, அம்மா, தங்கை ஆகியோருடன் கலிபோர்னியாவிலுள்ள அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அத்தெருவில் பல வீடுகளின் வாயிற்படிகளில் பரங்கிக்காய்கள் வைக்கப்பட்டிருந்தன. கண், மூக்கு, வாய் என முகம்போல் அவற்றைக் குடைந்து, உள்ளே விளக்கேற்றியிருந்தனர்.

“மாமா, இங்கும் கண்ணேறு கழிக்கிறார்களா? நம்மூரில் புதுவீடு கட்டும்போது பூசணிக்காயில் முகம் வரைந்து தொங்கவிடுவார்களே!” என்று தங்கை வினவினாள்.

மாமா சிரித்துவிட்டு விளக்கினார்: “ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் நாள் இரவில் வரும் விழா. மறுநாள் கிறித்தவர்களின் அனைத்துப் புனிதர் நாள். அதற்கு முந்திய மாலை என்பதே அப்பெயரின் பொருள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள் கொண்டாடிய பழைய விழாவே இதன் வேர். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தனர். பிழைப்புத் தேடி அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தபோது விழாவையும் உடன் கொண்டுவந்தனர். இங்கு மிகுதியாக விளைந்த பரங்கிக்காய் அக்கிழங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.”

தில்லியில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மாடத்தில், எரிவாயு அடுப்பில் பொங்கல் பானை பொங்குவது என் நினைவிற்கு வந்தது. ஊர் மாறினால் பொருள் மாறும், விழா தொடரும்.

மறுநாள் மாலை அப்பாவும் மாமாவும் எங்கள் இருவரையும் பியூனா பார்க் நகரிலுள்ள ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம்’ பூங்காவிற்கு அழைத்துச் சென்றனர். வால்டர் நாட் என்பவரின் பழப்பண்ணையாக இருந்த இடம் அது. அவர்தம் மனைவி கார்டீலியா 1934இல் அங்குக் கோழிக்கறி விருந்து சமைத்து விற்கத் தொடங்கினார். உணவிற்காகக் காத்திருப்போர் பொழுதுபோக்குவதற்கென 1940இல் பழங்கால அமெரிக்க ஊர் ஒன்றை அங்கே அமைக்கத் தொடங்கினர். அதன் பெயரை நேராக மொழிபெயர்த்தால் ‘பேய் ஊர்’ என வரும். ஆனால் மக்கள் கைவிட்டுச் சென்ற பாழூர் என்பதே அதன் உண்மைப் பொருள். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் மூன்று இரவுகள் மட்டும் அவ்வூரைப் பேய்களுக்குரிய ஊராகவே மாற்றிக் காட்டினர். மக்கள் திரண்டு வந்தனர். இன்று செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல இரவுகள் அந்நிகழ்ச்சி நடைபெறுகிறது. பதின்மூன்று வயதிற்குக் குறைந்தோர்க்கு அது ஏற்றதன்று எனப் பூங்காவினரே அறிவுறுத்துகின்றனர். எனக்கு வயது பதினான்கு. தங்கைக்கு அண்மையில்தான் பதின்மூன்று நிறைந்திருந்தது.

பொழுது சாய்ந்தது. வெண்புகை தெருவை மூடியது. அப்புகையிலிருந்து முகமூடி அணிந்த நடிகர் ஒருவர் ஓடிவந்து, முழங்காலில் கட்டிய காப்புத் தகட்டால் தரையில் சறுக்கி, தீப்பொறி பறக்க எங்கள் காலடியில் வந்து நின்றார். தங்கை என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது” என்றாள்.

“இதற்கா பயம்? எல்லாம் வேடம். என் கையைப் பிடித்துக்கொள்; நான் விடமாட்டேன்” என்று நகைத்தேன். அப்பாவும் மாமாவும் வெளியேறும் வாயிலில் காத்திருப்பதாகக் கூறினர். நாங்கள் இருவரும் முதற்பேய்வீட்டினுள் நுழைந்தோம்.

உள்ளே இருவர் மட்டுமே இணைந்து நடக்கக்கூடிய குறுகிய வழி. கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. எங்கோ கதவு கிறீச்சிட்டது. வழியோரத்தில் ஒரு பெண்ணின் உருவம் அசைவற்று நின்றது. அஃது அசையுமோ என்று அதனையே நோக்கி நடந்தேன். அவ்வுருவம் அசையவே இல்லை. மறுபக்கச் சுவரிலிருந்த சிறுகதவு படீரெனத் திறந்தது! ஓநாய் முகமொன்று என் செவியருகே உறுமியது.

அடுத்து நிகழ்ந்தது எனக்குத் தெளிவாக நினைவில் இல்லை. ஓடினேன். திரைச்சீலைகளை விலக்கிக்கொண்டு, முன்னே சென்றவர்களை முந்திக்கொண்டு ஓடினேன். வெளிக்காற்று முகத்தில் பட்டபோதுதான் என் கை வெறுமையாக இருப்பதை உணர்ந்தேன்.

“தங்கை எங்கே?” என்று அப்பா கேட்டார்.

தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று என்றும், அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கு அதன் நிலைக்களன்கள் என்றும் எங்கள் தமிழாசிரியர் கற்பித்திருந்தார். இறை என்பது நம்மினும் மேலான தலைமை உடையோரைக் குறிக்கும். பேய்வீட்டில் அணங்கும் விலங்கும் கண்டேன். அப்பாவின் முகத்தைக் கண்ட அந்நொடியில் நான்காவதையும் கண்டேன்.

சற்றுநேரத்தில் தங்கை வெளியே வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. ஆனால் அவள் ஓடிவரவில்லை, நடந்தே வந்தாள். என்னைப் பார்க்காமல் அப்பாவின் அருகில் போய் நின்றுகொண்டாள்.

அடுத்த பேய்வீட்டிற்கான வரிசை நீண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை. மாமாவே தொடங்கினார்: “அச்சம் வந்தால் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது; தசைகள் ஓடுவதற்கு ஆயத்தமாகின்றன. சிந்திக்கும் முன்பே கால்கள் ஓடிவிடுகின்றன. இதனை நன்கு அறிந்தவர்களே இவ்வீடுகளை அமைக்கின்றனர். ஒருபக்கம் பொம்மையைக் காட்டி உன் கண்ணை ஈர்ப்பார்கள். நடிகர் மறுபக்கத்திலிருந்து வருவார். ஆனால் அவர் உன்னைத் தொடமாட்டார். அஃது அவர்களுடைய விதி.”

“வெறுங்கண்ணாடியாலும் பேயை உருவாக்கலாம்” என்று அவர் மேலும் தொடர்ந்தார். “லண்டனில் 1862ஆம் ஆண்டு ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் ஆவியொன்றைத் தோன்றச் செய்தார். பார்ப்போர்க்கு முன்னே பெரிய கண்ணாடியைச் சாய்வாக நிறுத்தினார். அவர்கள் கண்ணில் படாத இடத்தில் ஒருவரை நிறுத்தி, அவர்மீது ஒளி பாய்ச்சினார். கண்ணாடியில் தெரிந்த எதிரொளிப்பு, மேடையில் நிற்கும் ஆவிபோல் காட்சியளித்தது. அருகிலுள்ள டிஸ்னிலாந்தில் 1969இல் திறக்கப்பட்ட பேய் மாளிகையிலும் அம்முறையைத்தான் கையாண்டுள்ளனர்.”

“இரவில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் சாளரத்தில் தெரியுமே, அதுபோலவா?” என்று தங்கை கேட்டாள். வெளியே வந்தபின் அவள் பேசிய முதற்சொற்கள் அவை. “வெளியே இருட்டு, ஆனால் கண்ணாடியில் நம் முகமும் மேற்படுக்கையும் வயலின்மேல் மிதந்துகொண்டே வரும்.”

“அதுவேதான்!” என்றார் மாமா.

அவள் பேசிவிட்டாள் என்னும் துணிவில் நான் அவளருகே சென்றேன். “நான் உன்னை ஏளனம் செய்தேன். ஆனால் நான்தான் பயந்து ஓடினேன். என்னை மன்னித்துவிடு” என்றேன்.

“பயந்ததற்கு எதற்கு மன்னிப்பு, அண்ணா? நானும் பயந்தேன். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கையை விட்டாயே! இருட்டில் உன்னைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்” என்றாள். அவள் குரல் தழுதழுத்தது. எனக்கு விடை கூற நாவெழவில்லை.

எங்கள் முறை வந்தது. “வேண்டாமென்றால் திரும்பிவிடலாம்” என்றார் அப்பா. தங்கை என்னைப் பார்த்தாள். “எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ வந்தால் வருகிறேன்” என்று நான் உள்ளதைச் சொன்னேன். அவள் கையை நீட்டினாள்.

அவ்வீட்டினுள்ளும் கதவுகள் திறந்தன; முகமூடிகள் பாய்ந்தன. இருமுறை வாய்விட்டு அலறினேன். என் அலறலைக் கேட்டுத் தங்கை சிரித்தாள். அவள் அலறியபோது நான் சிரித்தேன். வாயிலைக் கடந்து வெளியே வந்தபோது எங்கள் விரல்கள் வலித்தன. அவ்வளவு இறுகப் பிடித்திருந்தோம்.

அருஞ்சொற்பொருள்

கண்ணேறு – கண்திருஷ்டி
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுதல்
அணங்கு – வருத்தும் தெய்வம், பேய் முதலியன
நிலைக்களன் – தோன்றும் இடம்
எதிரொளிப்பு – ஒளி பட்டுத் திரும்புதல்
ஏளனம் – இகழ்ச்சியான கேலி

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டர்னிப் கிழங்கின் இடத்தைப் பரங்கிக்காய் பிடித்தது எவ்வாறு?
2. ‘நான்காவதையும் கண்டேன்’ என்று மாணவன் கூறுவதன் பொருள் யாது?
3. பேய்வீட்டை அமைப்போர் பார்வையாளரின் கண்ணை எவ்வாறு ஏமாற்றுகின்றனர்?

ஆ. பிரித்து எழுதுக.
கண்ணேறு, நாவெழவில்லை, அம்முறை, வெண்புகை

இ. சிந்தித்து எழுதுக.
தங்கை எதற்காக வருந்தினாள்? அண்ணன் எதற்காக அவள் வருந்துவதாக எண்ணினான்? இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஈ. செய்து பார்க்க.
இரவில் அறைவிளக்கை ஏற்றிவிட்டுச் சாளரக் கண்ணாடியைப் பாருங்கள். பின்னர் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கண்ட வேறுபாட்டை ஐந்து தொடர்களில் எழுதுங்கள்.

உ. கேட்டு எழுதுக.
உங்கள் குடும்பம் சொந்த ஊரை விட்டு வந்தபின், விழாக் கொண்டாட்டத்தில் எப்பொருளுக்கு மாற்றாக எப்பொருள் வந்தது? வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுங்கள்.