போதையும் ஓட்டுநர் லைசென்ஸும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் லாரி, வேன், ஆட்டோ ஓட்டி ஹலாலான ரிஸ்கைத் தேடும் குடும்பங்கள் பல. அவர்களுக்கு லைசென்ஸ்தான் உழவனின் ஏர். மது அதை எவ்வாறு பறிக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவின்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்துடன் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். குடியே வழக்கமாகிவிட்டவரை விசாரித்து, அவரது லைசென்ஸை ரத்துச் செய்யவும் 19-வது பிரிவு அதிகாரியை அனுமதிக்கிறது. லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுக்கும் உரிமையாளரும் குற்றவாளியே. பிறகு யார் வேலை தருவார்?

"30-க்குள் குடிக்கலாமா?" எனக் கேட்போர் உண்டு. அது தண்டனைக்கு வைத்த எல்லை. அனுமதிச் சீட்டு அல்ல. அதிகமானால் போதை தரும் பொருளில் சிறிதளவும் ஹராம் என்பதே நபி (ஸல்) அவர்களின் போதனை.

மானம் போகுமென்று வீட்டார் மறைப்பது இரக்கமாகாது. முதல் முறை பிடிபட்டபோதே சாவியை வாங்கி வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அபராதம் கட்டினால் சர்க்கார் கணக்குத் தீரும். அடிபட்டவரின் ஹக்கு தீராது. தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.