கருக்கலைப்பு: உங்கள் கருத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

"கருக்கலைப்பு சரியா, தவறா? நீங்க என்ன நினைக்கிறீங்க டாக்டர்?" என்று என்னிடம் கேட்பவர்களில் சிலருக்கு அது கல்லூரி விவாத மேடைக்கான கேள்வி. மகளுக்கு நாள் தள்ளிப்போனதை நேற்றிரவு அறிந்த தாய்க்கு அப்படி அல்ல. மகப்பேறு மருத்துவராக இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: இதைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்து இருக்கட்டும், அதை நெருக்கடி வருவதற்கு முன்பே, விவரம் தெரிந்துகொண்டு, நிதானமாக அமைத்துக்கொள்ளுங்கள். பயமும் வெட்கமும் சூழ்ந்த நேரத்தில், பக்கத்தில் யார் உரக்கப் பேசுகிறாரோ அவர் கருத்தே நம் கருத்தாகிவிடுகிறது.

அரைகுறைக் கருத்தை எளிதில் அடையாளம் காணலாம். அதில் வாரக்கணக்கே இருக்காது. ஏழு வாரக் கருவையும் இருபத்தாறு வாரச் சிசுவையும் ஒன்றாகவே பேசும். நம் நாட்டில் கருவைக் கலைப்பதே குற்றம் என்பார் ஒருவர். பெண் கேட்டால் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பார் மற்றவர். இரண்டும் தவறு. தானாகக் கரு கலைந்து (கருச்சிதைவு) படுக்கையில் அழுதுகொண்டிருப்பவளிடம் "என்ன சாப்பிட்டே?" என்று விசாரணை நடத்தும் வீடுகளும் உண்டு. பெரும்பாலான ஆரம்பக்காலச் சிதைவுகளுக்குக் காரணம் கருவின் மரபணுக் கோளாறு. அவள் எதையும் செய்ததால் அல்ல.

ஆகவே முதலில் நாள்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 'ஆறு வாரம்' என்றால் கரு உருவாகி ஏறக்குறைய நான்கு வாரம். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். அந்தச் சமயத்தில்தான் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியத் தொடங்கும். உறுப்புகளின் குறைபாடுகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கப்படுகிறது. 24 வாரத்தை ஒட்டி, நல்ல தீவிர சிகிச்சை வசதி இருந்தால், வெளியே வந்த சிசு பிழைக்கும் வாய்ப்பு உருவாகிறது. இந்தக் கட்டங்களில் எங்கே உங்கள் மனம் தயங்குகிறது என்று கவனியுங்கள். அந்தத் தயக்கத்தை நீங்கள் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்தது சட்டம். 1860-ல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தடை இருந்தும் பெண்கள் கலைத்துக்கொண்டார்கள். மறைவிடங்களில் கலைக்கப்போய் உயிரை விட்டார்கள். 1964-ல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு இதை ஆராய்ந்தது. 1971-ல் மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர் போன்ற சிலருக்கு மட்டும். அதற்கு மேல், சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டுமென்றால் வார வரம்பு கிடையாது. மணமாகாத பெண்ணையும் இந்த 24 வார வரம்பிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

பலருக்குத் தெரியாத ஒன்று: 18 வயது நிரம்பிய, மனநலம் சீராக உள்ள பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்து சட்டப்படி வேண்டாம். அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைப்பது கடுமையான தண்டனைக்குரிய குற்றம்.

இனி உங்கள் கருத்தை ஒரு உண்மை வழக்கில் உரைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான 27 வயதுப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம் தெரியவே நாளாகிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குச் சிகிச்சையில் இருந்தார். கர்ப்பம் 26 வாரம். இரு பெண் நீதிபதிகள் அமர்வு முதலில் அனுமதித்தது. சிசு பிழைக்கும் நிலையில் இருக்கிறது, அதன் துடிப்பை நிறுத்திவிட்டுத்தான் கலைக்க முடியும் என்று எய்ம்ஸ் மருத்துவர் தெரிவித்ததும், நீதிபதி ஹிமா கோலி தன் மனசாட்சி இடம் தரவில்லை என்றார். நீதிபதி நாகரத்னா, பெண்ணின் முடிவே மதிக்கப்பட வேண்டும் என்று தம் நிலையில் நின்றார். மூன்று நீதிபதிகள் அமர்வு அக்டோபர் 16 அன்று அனுமதி மறுத்தது: 24 வாரம் கடந்துவிட்டது, சிசுவுக்குக் குறையில்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை.

ஒரே ஆவணங்களைப் படித்த, சட்டமறிந்த இருவர் எதிரெதிராக நின்றார்கள். இருவரில் எவரையும் இரக்கமற்றவர் என்று சொல்ல முடியுமா? நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதை எழுதிவைத்துவிட்டு, வழக்கை மாற்றிப் பாருங்கள். இதே பெண் 8 வாரத்தில் வந்திருந்தால்? கர்ப்பம் வன்முறையால் உண்டானதாக இருந்தால்? சிசுவுக்கு டவுன் நோய்க்குறி (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் நிலை) என்றால்? மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல இந்தக் கடைசிக் கேள்வியில் சட்டத்தையே கேள்வி கேட்கின்றன; அவர்கள் வாதத்தையும் படியுங்கள். பெண் சிசு என்பதற்காகக் கலைப்பதை எதிர்ப்பவர் நீங்கள் என்றால், அந்த எதிர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 1994-ல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தும் 'ஆணா, பெண்ணா?' என்ற கேள்வி நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

இப்படிப் பார்க்கும்போது மூன்று தனித்தனிக் கேள்விகள் பிரியும். நான் செய்துகொள்வேனா, அது அறமா, பிறர் செய்வதை அரசு தடுக்க வேண்டுமா. தன் நம்பிக்கைப்படி கலைக்கவே மாட்டேன் என்பவர், சட்டம் தடுக்கக் கூடாது என்றும் நினைக்கலாம். அதில் முரண் இல்லை. இந்த மூன்றுக்கும் என் விடைகளை இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: யாருடைய கருத்தும் ஒரு பெண்ணை மருத்துவரிடம் தாமதமாக வரவைக்கக் கூடாது. மாமியார் "கலைச்சிருங்க டாக்டர்" என்கிறார், அம்மா "பெத்துக்கட்டும்" என்கிறார், அவள் தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் கேட்பேன். அறைக்கு வெளியே சொன்னதற்கு நேர்மாறான பதிலும் வருவதுண்டு. உங்கள் வீட்டிலும் அவளைத் தனியாகக் கேளுங்கள்; உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

தெரிந்த பெண் ஒருத்தி பதறிக்கொண்டு உங்களிடம் வந்தால், முதலில் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேளுங்கள். காலைச் சிறுநீரில் பரிசோதனை, பிறகு மருத்துவமனையில் ஸ்கேன். ஒரு வாரம் யோசிக்க நேரம் இருக்கும். இரண்டு மாதம் இருக்காது. பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளும் கருப்பட்டியும் கருவைக் கலைக்கும் என்று நம்பி நாளைக் கடத்த வேண்டாம். எருக்கங்குச்சி போன்றவற்றை உள்ளே செலுத்தினால் கருப்பை கிழியலாம், கிருமித்தொற்று உயிரைப் பறிக்கலாம். மாத்திரை மூலம் கலைப்பது முறையாகச் செய்தால் பாதுகாப்பானதே. நம் விதிகளில் அதற்கு 9 வாரம் வரை இடமுண்டு. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குவதுதான் ஆபத்து. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் (குழாய்க் கர்ப்பம்) மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டலாம்.

அரசு மருத்துவமனையை நாடலாம். தமிழ்நாட்டில் 104-க்கு அழைத்தும் விவரம் கேட்கலாம். பெண்ணின் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம் என்பதை அவளிடம் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும். 18 வயது நிரம்பாதவருக்குப் பாதுகாவலர் சம்மதம் தேவை. மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆனால் கேட்டுக்கொண்டால் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொல்கிறது.

ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்டாள் என்றால் திட்டாதீர்கள். எந்த மாத்திரை, எப்போது என்று கேட்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின்கள் முழுதாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள கசிவு இருந்தால், ஒரு பக்கமாக அடிவயிறு வலித்து மயக்கம் வந்தால், தோள்பட்டையில் வலி பரவினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.